உம்மும்மாவின் மரப்பெட்டி

கொஞ்சம் நீண்ட பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் உம்மும்மா மௌத்தாகி நாற்பது கழிந்த பிறகு அவரது அறையைத் துப்புரவாக்கினோம். கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி. திறந்தால் நாற்பதுக்கும் மேல் துணிப் பொட்டலங்கள். சிலவற்றை வெள்ளை நூலால், சிலவற்றைக் கறுப்பால், நாலைந்தை மட்டும் சிவப்பால் கட்டியிருந்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு துண்டுக் கடதாசி, அதில் அரபு எழுத்து. ஓதினால் அரபியாக இல்லை. குர்ஆன் ஆயத்தும் இல்லை. ஒரு கடதாசியில் ஒன்பது கட்டம் கீறி இலக்கங்கள்.

அறையில் நின்றவர்களின் முகம் மாறிவிட்டது. "இது சிஹ்ர் சாமான்" என்றார் சாச்சி. ஓதிப் படித்த எங்கள் மாமாவின் மகன் பெட்டியைத் தொடாமலே, "எதையும் பிரிக்க வேண்டாம், அப்படியே எரித்துவிடுவோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் படித்த பாடப்படி அது சரியான பயம்தான். இன்னொரு பயமும் அந்த அறையில் இருந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வாசிக்கத் தெரியாத அரபு எழுத்துக் கடதாசி ஒன்றை வீட்டில் வைத்திருக்க நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் இருந்தது? அந்த மாதங்களில் எத்தனை பழைய கிதாபுகள் அடுப்புக்குப் போயின என்று அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கலாம்.

தங்கச்சியின் மகளுக்கு ஒன்பது வயது. மதரஸாவில் ஓதப் போகிறவள். பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, அவள் ஒரு கடதாசியை எடுத்து ஹரகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "ச... ளி... க்கு." திரும்பவும் சொன்னாள்: "சளிக்கு."

அரபுத்தமிழ்! தமிழையே அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார் உம்மும்மா. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர்கள் உண்டாக்கிக்கொண்ட எழுத்து அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கைக்குப் பல தடவை வந்து போனவர். அவருடைய 'மகானி' போன்ற நூல்கள் அந்த எழுத்தில்தான் நம் வீடுகளுக்கு வந்தன. பாடசாலைக்குப் போகாத பெண்கள்கூட ஓதப் பழகியதால் அதை வாசித்தார்கள், எழுதினார்கள். நமக்கு இரண்டு தலைமுறை முந்தி சாதாரணமாக இருந்த விஷயம், இன்று நம் கண்ணுக்கே மந்திரமாகத் தெரிகிறது.

அன்று பின்னேரம் முழுதும் நாங்கள் பொட்டலம் பொட்டலமாக வாசித்தோம். "பிள்ளைக்கு வயிற்றுப் பொருமல்." "வாய்வு." "புகைக்க." "குளிக்க வார்க்க." "பேறுகாலம்." மூலிகையின் பெயர் அநேகமாக எதிலும் இல்லை. எதற்கு என்பது மட்டும்தான். மணந்து பார்த்தும், நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் காட்டியும் பெயர்களைக் கண்டுபிடித்தோம். நூலின் கணக்கு கடைசியில்தான் விளங்கியது. வெள்ளை உள்ளுக்குக் கொடுப்பது. கறுப்பு புகைப்பது, கட்டுவது. சிவப்பு வாயில் படவே கூடாதது.

ஒரு சமூகம் தன் மூலிகைகளை எப்படி அடுக்கி வைத்தது என்பதில் அதன் சரித்திரமே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. இப்னு சீனா தமது 'கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் தனி மருந்துகளை அப்ஜத் எழுத்து வரிசையில் வைத்தார். மலாகாவில் பிறந்து 1248இல் டமஸ்கஸில் மௌத்தான இப்னுல் பைத்தார் சுமார் 1,400 பொருட்களை அகரவரிசையில் தொகுத்தார். பெயர் தெரிந்தவனுக்கு அந்த வரிசை உதவும். இங்கிலாந்தில் 1652இல் வெளிவந்த கல்பெப்பரின் மூலிகை நூல், இந்தச் செடி செவ்வாய்க்கு, அந்தச் செடி சுக்கிரனுக்கு என்று கிரகங்களின் கீழ் பிரித்தது. இன்று என் வகுப்புப் பிள்ளைகள் போனில் காட்டுகிற வீடியோக்களில் வெளிநாட்டுப் பெண்கள் கண்ணாடிப் போத்தல்களில் இலைகளை நிரப்பி, காதலுக்கு, பாதுகாப்புக்கு, பணத்துக்கு என்று லேபல் ஒட்டி அடுக்குகிறார்கள். தங்களைச் சூனியக்காரிகள் என்று சந்தோஷமாகச் சொல்லியும் கொள்கிறார்கள். அதைப் பார்த்து வாயைப் பிளக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் அதைவிடப் பழைய, அதைவிடப் பயங்கரமான அடுக்கு ஒன்று இருந்தது தெரியாது.

தமிழ் மாந்திரீக மரபு தன் வேலைகளை எட்டாகப் பிரிக்கிறது. அட்டகர்மம் என்பார்கள். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம். ஒவ்வொன்றுக்கும் எட்டு மூலிகை வீதம் அறுபத்து நான்கு. பறிப்பதற்கும் சட்டம் உண்டு. நாள் பார்க்க வேண்டும், செடிக்குக் காப்புக் கட்ட வேண்டும், 'சாப நிவர்த்தி' சொல்ல வேண்டும், நகம் படக்கூடாது. நான் பார்த்த ஒரு பட்டியலில் மாரணம், அதாவது ஆளைக் கொல்வது, என்ற தலைப்பின் கீழ் கார்த்திகைக் கிழங்கும் நாவியும் இருந்தன. அவற்றோடு மருதோன்றியும்! நம் கலியாண வீடுகளில் மணப்பெண்ணின் கைக்கு வைக்கிற அதே மருதோண்டிதான்.

மருதோன்றி அங்கே எப்படி வந்தது என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மற்ற இரண்டும் அங்கே இருப்பதற்கு மந்திரம் தேவையில்லை. கார்த்திகைக் கிழங்கு, சிங்களத்தில் நியங்கலா, இந்நாட்டில் எத்தனையோ உயிர்களைக் குடித்த விஷம். அதிலுள்ள கொல்சிசின் என்ற பொருளையே மிகச் சிறிய அளவில் கால்வாதத்துக்கு ஆங்கில வைத்தியரும் கொடுக்கிறார். நாவியும் கொடிய நஞ்சு. மாரண மந்திரம் "பலித்தது" என்று ஊர் பேசிய கதைகளில் எத்தனையில் மந்திரம் வேலை செய்தது, எத்தனையில் கிழங்கு வேலை செய்தது? ஊமத்தையும் அப்படித்தான். அதன் விதை உள்ளே போனவன் பிதற்றுவான், இல்லாதவரோடு பேசுவான், வெறும் காற்றைப் பிடிப்பான். பார்க்கிறவர்கள் பேய் என்பார்கள்.

உம்மும்மாவின் சிவப்பு நூல் பொட்டலங்களில் ஒன்றில் இருந்தது ஊமத்தை விதை. இன்னொன்றில் ஆடுதின்னாப்பாளை வேர். பாம்புக்கடிக்கு என்று பெயர் பெற்ற அந்தச் செடியின் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இன்று உலகம் முழுதும் ஒத்துக்கொண்ட உண்மை. அவருக்கு அமிலத்தின் பெயர் தெரியாது. உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. மாமாவின் மகன் சொன்னபடி பெட்டியோடு எல்லாவற்றையும் கொல்லையில் கொளுத்தியிருந்தால் அந்தப் புகையைச் சுவாசித்தது யார்? பிள்ளைகள்தான் நெருப்பைச் சுற்றி நின்றிருப்பார்கள்.

கறுப்பு நூல் பக்கம் வருவோம். பதுளைக்காரருக்கு அதில்தான் சுவை.

எங்கள் அப்பாவுக்கு, உம்மும்மாவின் கணவருக்கு, பசறைப் பக்கம் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்னக் கடை இருந்தது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சாம்பிராணி. சாம்பிராணி வாங்காத ஆளே இல்லை. நம் வீடுகளில் வெள்ளி இரவுக்கு. லயத்தில் செவ்வாய், வெள்ளிக்கு. சிங்களக் கிராமத்தில் தொவிலுக்கு தும்மல குங்கிலியமும் தேசிக்காயும் போகும். கட்டாடியா தீப்பந்தத்தில் குங்கிலியத் தூளை வீச, அது பக்கென்று எரிவதைச் சின்ன வயதில் ஒருதரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்து இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். சன்னி யகும என்ற அந்தச் சடங்கில் பதினெட்டு சன்னிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோய், ஒவ்வொரு முகமூடி. நோய்களை வகைப்படுத்திய ஒரு அட்டவணை அது, எழுத்துக்குப் பதிலாக மரத்தில் செதுக்கியது.

தோட்டத்து மக்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து வரண்ட பூமியிலிருந்து மாரியம்மனையும் மாடசாமியையும் முனியாண்டியையும் கொண்டுவந்தார்கள். இங்கே வந்த பிறகு கவ்வாத்துக்கு ஒரு கவ்வாத்துசாமி, ஃபெக்டரி ரோதைக்கு ஒரு ரோதைமுனி என்று புதிதாகவும் உண்டாக்கிக்கொண்டார்கள். தெய்வத்தை உண்டாக்கிக்கொள்ளலாம், செடியை எப்படி உண்டாக்குவது? வேம்பு உலர்வலய மரம். ஹப்புத்தளை, நமுணுகுலைக் குளிரில் அது செழிக்காது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டாமல் முடியாது. அதனால் கீழே வெல்லஸ்ஸப் பக்கமிருந்து இலை மேலே ஏற வேண்டியிருந்தது.

ஏற்றி வந்தவர்களில் நம் ஆட்களும் உண்டு. தவளம் என்று மாடுகளை வரிசையாகக் கட்டி, உப்பும் கருவாடும் புடவையும் மேலே கொண்டுவந்து பாக்கும் மிளகும் கீழே இறக்கியவர்கள் ஊவா முஸ்லிம்கள். 1817இல் வெல்லஸ்ஸவில் ஆங்கிலேயர் முஹந்திரமாக நியமித்த ஹாஜி மரிக்காரும் அந்தத் தவளத்து உலகத்து மனிதர்தான். அந்த நியமனம் ஊவாக் கிளர்ச்சிக்குத் தீப்பொறியான கதை நமக்கெல்லாம் தெரியும், அது இன்னொரு பதிவுக்கு. அந்தப் பாதையில் பிபிலைக்கு அப்பால் நில்கல என்ற காடு இருக்கிறது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லி என்று திரிபலாவின் மூன்று மரங்களும் ஒன்றாகக் காய்க்கிற புல்வெளிக் காடு. பழைய அரசர்களின் மூலிகைத் தோட்டம் அது என்று சனங்கள் சொல்வார்கள். கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், இந்நாட்டாருக்குக் காடுதான் மருந்துக் கடை என்ற கருத்தில் 1681இல் எழுதினார். அதே புத்தகத்தில், தேங்காய்க்கு மந்திரம் ஓதித் திருடனைப் பிடிக்கிற விதத்தையும் எழுதியிருக்கிறார். மருந்தும் மந்திரமும் ஒரே மனிதரின் கையில் இருந்த காலம்.

லயத்திலிருந்து ஒரு பாட்டி மாதம் ஒருமுறை எங்கள் கடைக்கு வருவாராம். உம்மும்மா கடுக்காயும் ஓமமும் கொடுப்பார். பாட்டி கொடுத்துவிட்டுப் போவது பேய்மிரட்டி இலை. பெயரிலேயே பேய் இருக்கிறது. பசுமையான இலையைத் திரியாகத் திரித்து எண்ணெய் விளக்கில் எரித்தால் பேய் ஓடும் என்று லயத்தில் நம்பிக்கை. அதே இலை பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போது வருகிற காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் சித்த வைத்தியத்தில் மருந்து. உம்மும்மா அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை வெள்ளை நூலிலும் மறு பங்கைக் கறுப்பு நூலிலும் கட்டியிருக்கிறார்! இலை ஒன்று, வேலை இரண்டு. வசம்பும் அப்படித்தான். இரவில் பெயர் சொல்லக்கூடாது என்று 'பேர்சொல்லா' என்பார்கள். சிங்களத்தில் வதகஹ. சுட்டு உரைத்துப் பிள்ளையின் வயிற்றில் பூசுவதும், கையில் வளையலாகக் கட்டுவதும் மூன்று சமூகத்திலும் இருந்தது. அதை உணவில் சேர்ப்பதை 1968இல் அமெரிக்கா தடை செய்ததை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒன்பது கட்டக் கடதாசிக்கும் ஒரு வரலாறு உண்டு. நாலு மூலையில் 2, 4, 6, 8. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. இமாம் கஸ்ஸாலி (மௌத் 1111) தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் இதே கட்டத்தைப் பேறுகாலச் சிரமத்துக்கு மக்கள் கையாள்வதாகக் குறிப்பிடுகிறார். உம்மும்மாவின் கடதாசியும் "பேறுகாலம்" என்ற பொட்டலத்தில்தான் இருந்தது. அதை வைத்திருப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் கடதாசியை நானே எரித்தேன். ஆனால் எங்கோ ஒரு சூனியக்காரன் எழுதிக் கொடுத்ததல்ல, தொள்ளாயிரம் வருடம் பயணம் செய்து பசறைக்கு வந்து சேர்ந்த ஒன்று என்று தெரிந்துகொண்டு எரித்தேன்.

இப்போது கேள்வி: இந்த அறிவெல்லாம் எங்கே போனது?

ஒரு காலத்தில் அரசாங்கமே நம்மிடம் கேட்டு வந்தது. பின்னாளில் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன், 1806இல் மீரா லெப்பை மேஸ்திரியார் என்ற முஸ்லிம் வைத்தியரைச் சுதேச மருத்துவப் பகுதியின் மேற்பார்வையாளராக நியமிக்கச் செய்தார். அவருடைய குடும்பத்தின் மருத்துவ நூல்களில் பெரும்பாலானவை எழுநூறு எண்ணூறு வருடமாக அவர்களிடமே இருந்தவை என்று ஜோன்ஸ்டன் எழுதுகிறார். முஸ்லிம் வைத்தியர்கள் காலங்காலமாகக் கையாண்ட இலங்கைத் தாவரங்கள் அத்தனையையும் பற்றி மீரா லெப்பை விரிவான அறிக்கை ஒன்று கொடுத்தார். அந்தத் தாவரங்களை வளர்த்துப் பெருக்குவது 1810இல் அரச தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டதன் பெரிய நோக்கங்களில் ஒன்று என்றும், அது தன் யோசனை என்றும் ஜோன்ஸ்டன் சொல்கிறார். அந்தப் பூங்கா இடம் மாறி 1821இல் பேராதனைக்குப் போனது. நாம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய்ப் படம் எடுக்கிற இடம்தான்.

ஆனால் பூங்காக்கள் சீக்கிரமே கோப்பி, சிங்கோனா, தேயிலை பக்கம் திரும்பின. 1861இல் ஹக்கலப் பூங்கா தொடங்கியதே சிங்கோனாவுக்காக. காய்ச்சலுக்கு அரசாங்கத்தின் மரப்பட்டை அது. 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. தோட்டங்களில் டிஸ்பென்சரிகள் வந்தன. கொய்னாவும் விளக்கெண்ணெயும் வந்தன. லயத்துப் பாட்டிகளின் இலையைப் பற்றி யாரும் அறிக்கை கேட்கவில்லை.

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து பதிவை ஏற்படுத்தியது. தேவையான சட்டம்தான், போலி வைத்தியனிடமிருந்து சனங்களைக் காக்க. ஆனால் பதிவு ஒரு கோட்டையும் போட்டது. இந்தப் பக்கம் வைத்தியர், அந்தப் பக்கம் பூசாரி, கட்டாடியா, தாயத்துக் கட்டுகிறவர். உம்மும்மாவும் லயத்துப் பாட்டியும் எந்தப் பக்கம்? இரண்டிலும் இல்லை. மூன்று வருடத்தில், 1964இல், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பேய்மிரட்டி கொண்டுவந்த பாட்டியும் போனார். நீலகிரியில் இறங்கினார் என்று மட்டும் உம்மும்மா கேள்விப்பட்டாராம். பிறகு அந்த இலை வரவில்லை. வெள்ளை நூல் பொட்டலத்தில் இருந்தது தூளாகிப்போன மிச்சம்.

நம் பக்கத்தில் இழப்பு வேறு விதமாக நடந்தது. தாயத்தும் இஸ்மும் பீங்கான் எழுதிக் கரைத்துக் குடிப்பதும் வேண்டாம் என்று உலமாக்கள் சொன்னார்கள். ஷிர்க்கிலிருந்து நம்மைக் காப்பாற்றியவர்களுக்கு அல்லாஹ் கூலி கொடுப்பானாக. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஜாஹிலிய்யா காலத்தில் ஓதிப் பார்த்து வந்ததைப் பற்றி ஸஹாபாக்கள் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருவது என்ன? நீங்கள் ஓதுவதை என்னிடம் காட்டுங்கள், ஷிர்க் இல்லாதவரை தவறில்லை என்ற பொருள்பட. முதலில் காட்டச் சொன்னார்கள். நாம் பார்க்காமலே எரித்தோம். கருஞ்சீரகத்தை மட்டும் ஹதீஸில் வந்ததால் வைத்துக்கொண்டோம், அதையும் இப்போது வெளிநாட்டுப் போத்தலில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கமும் சொல்ல வேண்டும். கடந்த தவணையில் என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது. வீட்டார் பார்வை என்று நினைத்து மூன்று வாரம் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது ஆஸ்பத்திரி. உம்மும்மாவின் பெட்டியிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்க எனக்கு உரிமையில்லை, கொடுக்கவும் மாட்டேன். இன்பொக்ஸில் மருந்து கேட்காதீர்கள்.

சிவப்பு நூல் பொட்டலங்களைப் பதிவு பெற்ற ஒரு வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டேன். மற்றவற்றின் கடதாசிகளைப் படம் எடுத்து, பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி, ஒரு கொப்பியில் ஒட்டியிருக்கிறேன். மாமாவின் மகனும் வந்து உட்கார்ந்து அரைவாசியை வாசித்துத் தந்தார். என்னைவிட அவருக்கு எழுத்து வேகமாகப் பிடிபடுகிறது.

மூன்று பொட்டலங்கள் மட்டும் மீதி. இரண்டில் பட்டை, ஒன்றில் ஏதோ வேர். கறையான் அரித்ததால் வேர்ப் பொட்டலத்தில் "க்கு" மட்டும்தான் தெரிகிறது. நூல் வெள்ளை. அரபுத்தமிழ் எழுதிப் பழகிய மூத்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், பழைய வேர்களை மணந்து சொல்லக்கூடியவர்கள் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கொப்பியையும் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.